சங்கத்தில் வேலை பார்க்கிறவள்

பர்மா தேசத்து வர்த்தக மந்திரி திருத்தணிக்கு வருகிறார் என்று மதராஸிலிருந்து வந்த கடிதத்தைத் தேசப்பன் மூன்று தடவை படித்தார். அது நாற்பத்தெட்டாம் வருஷம், ஆவணி மாதம். திருத்தணி வட்டார நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு அவர் காரியதரிசி. பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், இன்னும் சுற்றுப்பட்ட ஊர்களில் நெய்கிற கைலிகள் எல்லாம் மூட்டை மூட்டையாக அவருடைய டிப்போவுக்குத்தான் வந்து சேரும். சேர்ந்த மூட்டைகள் நகராமல் அங்கேயே கிடந்ததுதான் அவருடைய கவலை.

யுத்தத்துக்கு முன்னால் இந்தப் பக்கத்துக் கைலியில் பெரும்பங்கு கப்பலேறி ரங்கூனுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்ததும் அந்த வழி அடைபட்டது. யுத்தம் முடிந்தும் சரியாகத் திறக்கவில்லை. இப்போது இரண்டும் சுதந்திர தேசங்கள். அங்கே அரிசி மிச்சம், துணி போதவில்லை. இங்கே ரேஷன் கடை வாசலில் அரிசிக்கு ஜனங்கள் விடியும் முன்னே வரிசை கட்டுகிறார்கள், டிப்போவில் துணியைப் பூச்சி அரிக்கிறது. நீ அரிசி கொடு, நான் துணி கொடுக்கிறேன் என்று இரண்டு சர்க்காரும் பேசத் தொடங்கியிருக்கின்றன. கையெழுத்துப் போடுவதற்கு முன் நெசவையும் நெசவாளரையும் மந்திரி நேரில் பார்க்க ஆசைப்படுகிறார். கூட அவருடைய மனைவியும் வருகிறார். கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்.

பத்து நாள் முன்னதாகவே ஏற்பாடுகளைக் கவனிக்க மதராஸிலிருந்து ஓர் ஆபீசர் வந்து இறங்கினார். காரியத்தில் சுறுசுறுப்பானவர், கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது. ஊர் ஊராக அழைத்துப் போனால் ரோட்டிலேயே பொழுது போய்விடும் என்று கணக்குப் போட்டு, ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சத்திரத்திலேயே குழி வெட்டி ஒரு தறி பூட்டிவிடச் சொன்னார். மந்திரி மலைக்குப் போய் சுவாமி தரிசனம் முடித்து இறங்கி வந்ததும், அங்கே ஒரு பெண் உட்கார்ந்து நெய்ய வேண்டும், மந்திரியும் அவர் மனைவியும் பார்க்க வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும்.

"உங்ககிட்ட இருக்கறதிலேயே உசத்தியான துணி எது? அதைக் காட்டுங்க" என்றார்.

தேசப்பன் யோசிக்கவே இல்லை. ஆபீசரை நேரே தம் வீட்டுக்கு அழைத்துப் போனார். உசத்தியான துணி அவர் வீட்டுத் தறியில்தான் இருந்தது. நெய்தவள் அவர் மனைவி ரத்தினம்மாள். சிவப்பும் கறுப்புமாகப் பொடிக்கட்டம். ஆபீசர் அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார், விரலால் நிமிண்டிப் பார்த்தார், கரையை மடித்து மடித்து அளந்தார். ஒரு கட்டம்கூட இன்னொரு கட்டத்துக்குப் பிசகவில்லை.

"அடேயப்பா! யாரு நெய்தது?"

"வூட்லதாங்க" என்றார் தேசப்பன், பெருமையை மறைத்துக்கொண்டு.

அந்தச் சமயத்தில்தான் ரத்தினம்மாள் காப்பி டம்ளரோடு வந்தாள். நீட்டிய கையைப் பார்த்ததும் ஆபீசர் முகம் ஒரு கணம் மாறிற்று. "அங்கே வையுங்கம்மா, அப்புறம் குடிக்கிறேன்" என்றார். புறப்படுகிற வரைக்கும் குடிக்கவில்லை.

ரத்தினம்மாள் தேசப்பனுக்கு அத்தை மகள், அம்மையார்குப்பத்துப் பெண். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். குழந்தை இல்லை. ஏழாவது வருஷம் உதட்டோரம் ஒரு வெள்ளைத் திட்டு வந்தது. அடுத்து விரல் நுனிகள் வெளுத்தன. பிறகு இரண்டு கைகளும் முழங்கை வரை திட்டுத் திட்டாக வெளுத்துப்போயின. தொத்து வியாதி இல்லை, வலி இல்லை, ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். தெருவும் பழகிவிட்டது. தேசப்பனும் பழகிவிட்டதாகவே நினைத்திருந்தார். அந்தக் கை பிசைந்த சோற்றைத்தான் தின்றார், அந்தக் கை நெய்த வேட்டியைத்தான் கட்டினார். ஆனால் இந்தப் பதினோரு வருஷத்தில் ஒரு கல்யாணத்துக்கோ ஒரு கூட்டத்துக்கோ அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் போனதில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் கிடைத்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவரும் தம்மைக் கேட்டுக்கொண்டதில்லை.

தெருமுனை வந்ததும் ஆபீசர் நின்றார்.

"தேசப்பன், தப்பா எடுத்துக்காதீங்க. வர்றவங்க வெளிதேசத்துக்காரங்க. அந்தக் கையைப் பார்த்துட்டு ஏதோ நோய்னு நெனச்சா, அந்தத் துணியைத் தொடுவாங்களா? முந்நூறு குடும்பம் இதை நம்பி இருக்கு. தறியில வேற யாரையாவது உட்கார வையுங்க."

அது தொத்து இல்லை என்று தேசப்பன் சொல்லியிருக்கலாம். அவள் என் மனைவி, அவளைத் தவிர வேறு யாரும் உட்காரக் கூடாது என்றும் சொல்லியிருக்கலாம். அவர் சொன்னது, "ஆங், அதுவும் வாஸ்தவந்தாங்க" என்பதுதான். அப்போது அவருக்குக் கோபம் வரவில்லை. நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கினாற்போல இருந்தது. தாம் சொல்லத் தயங்கியிருந்த ஒன்றை வேறொருவர் சொல்லிவிட்ட நிம்மதி அது. பின்னாளில் எத்தனையோ தடவை அவர் இதை நினைத்துப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அந்த நிம்மதிதான் முதலில் ஞாபகம் வந்து அவரைக் கூச வைத்தது.

சங்கத் தலைவர் பெருமாளின் மகள் காஞ்சனாவைத் தறியில் உட்கார வைப்பதென்று முடிவாயிற்று. பத்தொன்பது வயது, சிவந்த மேனி, எட்டாவது வரை படித்தவள். குறுக்கு நூலைக் கொண்டுபோகிற நாடாக் கட்டைக்குத் தார் சுற்றுவாள், அதற்கு மேல் தறி வேலை தெரியாது.

வீட்டில் ரத்தினம்மாள் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பாவா, அன்னிக்கு எந்தச் சேலய கட்டிகினு வரட்டும்? அந்தப் பச்ச பரவாயில்லியா?"

"நீ எதுக்கு ரத்தினம்? ஒரே கூட்டமா இருக்கும். காஞ்சனா உக்காரட்டும்னு ஆபீசர் சொல்றாரு."

"அதுக்கு நாடா வுடவே தெரியாதே?"

"சும்மா உக்காந்துகினு இருந்தா போதும். போட்டோவுக்குத்தான்."

ரத்தினம்மாள் அவரைப் பார்த்தாள். அப்புறம் மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்தாள். முந்தானையை இழுத்து அவற்றை மூடிக்கொண்டாள். வேண்டுமென்று செய்யவில்லை, கை தானாகச் செய்துவிட்டது.

"செரி" என்றாள். பெட்டியை மூடிக்கொண்டே, "பாவு பூட்டறதுக்காச்சும் நான் வரணும். அதுக்குப் பூட்டத் தெரியாது" என்றாள்.

மந்திரி வருகிற அன்றைக்கு முந்தின நாள் அவள்தான் சத்திரத்து முற்றத்தில் குழிக்குள் இறங்கி, நீளவாட்டு நூலான பாவை இழுத்துக் கட்டி, தறியைச் சரி செய்து கொடுத்தாள். ஒரு முழம் நெய்தும் வைத்தாள். அந்தத் துணியின் ஓரத்தில் ஆபீசர் ஓர் அட்டையைக் குத்தினார். நெய்தவர் காஞ்சனா என்று அதில் இங்கிலீஷில் எழுதியிருந்தது. ரத்தினம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. அது என்னவென்று அவள் கேட்கவும் இல்லை.

மறுநாள் காலை மந்திரியின் வண்டி ஸ்டேஷனில் வந்து நின்றது. மேளம், பூமாலை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கையில் இரண்டு தேசத்துக் காகிதக் கொடி. மந்திரிக்கு ஐம்பது வயதிருக்கும். தலையில் பட்டுத் துணி கட்டி, இடுப்பில் பட்டுக் கைலி உடுத்தியிருந்தார். அவர் மனைவி ஒல்லியாக, குள்ளமாக, கொண்டையில் பூச்சரம் சுற்றியிருந்தார். "நம்மாட்டமே பூ வெச்சிகினு கீறாங்கடி" என்று தடுப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் பெண்கள் பேசிக்கொண்டார்கள். மலையேறி, மாலை மரியாதை வாங்கிக்கொண்டு, பத்து மணிக்கெல்லாம் இருவரும் சத்திரத்துக்கு வந்துவிட்டார்கள்.

முதல் அரைமணி நேரம் தேசப்பனுடைய வாழ்க்கையிலேயே நல்ல அரைமணி. மந்திரிக்குத் துணி தெரிந்திருந்தது. அவர் இங்கிலீஷில் கேட்டார், ஆபீசர் தமிழில் சொன்னார். மாசம் எத்தனை உருப்படி தர முடியும், சாயம் போகுமா, பர்மாவுக்கு வேண்டிய அகலம் இந்தத் தறிகளில் வருமா, நூலுக்குச் சர்க்கார் கண்ட்ரோல் இருக்கிறதே, அதற்கு என்ன செய்வீர்கள். தேசப்பன் ஒன்றுக்கும் தடுமாறவில்லை. மந்திரி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். ஒரு தரம் அவர் தோளைத் தட்டவும் செய்தார். சுற்றி நின்ற நெசவாளர்கள் முகமெல்லாம் மலர்ந்தது.

பிறகு தறிக்கு வந்தார்கள்.

காஞ்சனா குழியில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். இரண்டு தடவை நாடா எப்படியோ போய் வந்துவிட்டது. மூன்றாம் தடவை மிதியை மிதிக்காமலே நாடாக் கயிற்றைச் சுண்டிவிட்டாள். நாடா பாவுக்குள் முட்டி, பத்துப் பன்னிரண்டு இழையை அறுத்துக்கொண்டு கீழே விழுந்தது. அறுந்த இழைகள் சுருண்டு தொங்கின. எதைப் பிடிப்பது, எதோடு முடிச்சுப் போடுவது என்று காஞ்சனாவுக்குத் தெரியவில்லை. ஒன்றைப் பிடிக்கப் போய் இன்னும் இரண்டை அறுத்தாள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவள் கண்ணில் நீர் முட்டிற்று.

ஆபீசர் ஏதோ இங்கிலீஷில் சிரித்துச் சமாளித்தார். மந்திரியின் மனைவி சிரிக்கவில்லை. தறியருகில் குந்தி உட்கார்ந்து அறுந்த இழைகளைப் பார்த்தார். துணியைப் பார்த்தார். காஞ்சனாவின் விரல்களைப் பார்த்தார்.

அப்போது பெண்கள் கூட்டத்திலிருந்து, தடுப்புக் கயிற்றை உயர்த்தி அடியில் நுழைந்து ரத்தினம்மாள் உள்ளே வந்தாள்.

யாரையும் கேட்கவில்லை. நேரே வந்து, "நவுருடி கண்ணு" என்று காஞ்சனாவைத் தொட்டு நகர்த்திவிட்டு, குழியோரம் மண்டி போட்டாள். வெள்ளைத் திட்டுகள் படர்ந்த அந்த விரல்கள் பாவுக்குள் போயின. ஒவ்வோர் இழையாகத் தேடி, இழுத்து, எச்சில் தொட்டுத் திரித்து முடிச்சிட்டன. தறி கெட்டுக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு அவளால் நிற்க முடியவில்லை. வேறு எந்த எண்ணமும் அவள் மனசில் இருந்ததாகத் தேசப்பனுக்குத் தோன்றவில்லை. நிமிர்ந்து பார்க்காமலே கையை மட்டும் பின்னால் நீட்டி, "பாவா, அந்தச் செவப்பு நூலக் குடு" என்றாள்.

தேசப்பன் கொடுத்தார். பழக்கம்.

ஆபீசர் அவர் காதருகில் வந்து பல்லைக் கடித்தார். "இந்தம்மாவை யாரு உள்ளே விட்டது? அப்புறப்படுத்துங்க, சீக்கிரம்!"

மந்திரியின் மனைவி தலையை நிமிர்த்தினார். தேசப்பனைப் பார்த்து, நிறுத்தி நிறுத்தி, ஆனால் தெளிவாக, தமிழில் கேட்டார்:

"இந்த அம்மா யாரு? உங்க வீட்டு அம்மாவா?"

சத்திரமே அசந்துவிட்டது. ரங்கூனில் தமிழ்க் கடைத்தெருவுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவராம், பேசவும் வருமாம். அது பின்னால்தான் தெரிந்தது. அந்த நேரத்தில் தேசப்பனுக்குப் புரிந்தது ஒன்றுதான். காலையிலிருந்து தமிழில் பேசியதை எல்லாம், இப்போது ஆபீசர் சொன்னது உட்பட, இந்த அம்மாள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள். ஆபீசர் கண்ணால் எச்சரித்தார். தறியோரம் அந்த அட்டை தொங்கிற்று. ஆமாம் என்று சொன்னால், துணியை நெய்ததும் அவள்தானா என்று அடுத்த கேள்வி வரும். அப்புறம் அட்டை பொய், ஆபீசர் பொய், சங்கம் பொய். பொய்க்காரர்களிடம் யார் வியாபாரம் செய்வார்கள்? இந்த நியாயம் எல்லாம் அவர் மனசில் ஓடியது நிஜம். ஆனால் அது ஓடி முடிவதற்கு முன்பே வாய் பேசிவிட்டது என்பதும் நிஜம்.

"இல்லீங்க. சங்கத்துல வேல பாக்கறவங்க."

ரத்தினம்மாளின் விரல்கள் நின்றன. ஓர் இழையை இரண்டு நுனியிலும் பிடித்தபடி அப்படியே நின்றன. பிறகு அதை முடிந்தாள். மிச்சமிருந்த மூன்று இழைகளையும் அவசரப்படாமல் முடிந்தாள். பாவை உள்ளங்கையால் ஒரு தடவை நீவிவிட்டு எழுந்தாள். தேசப்பன் பக்கம் திரும்பவே இல்லை.

அவள் போகப் புறப்பட்டபோது மந்திரியின் மனைவி எழுந்து அவள் முன்னால் வந்து, அவள் வலது கையைத் தம் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். புரட்டிப் பார்த்தார். வெளுத்த தோலைப் பெருவிரலால் தடவினார். முகத்தில் அருவருப்போ பயமோ எதுவும் இல்லை.

"நல்ல கை" என்றார்.

ரத்தினம்மாள் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டு, பெண்கள் கூட்டத்துக்குள் போய்விட்டாள். குழியோரம் நின்ற காஞ்சனா தேசப்பனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தச் சின்னப் பெண்ணின் பார்வையை அவரால் தாங்க முடியவில்லை. எந்தக் கையைக் கண்டு வெளிதேசத்துக்காரர் ஓடிப்போவார் என்று பயந்தார்களோ, அந்தக் கையை அந்த அம்மாள் எல்லார் முன்னிலையிலும் பிடித்துக்கொண்டு நின்றார். பயந்தது வந்தவர்கள் இல்லை, இவர்கள்தான். மந்திரியை வழியனுப்பும்போது தேசப்பன் எல்லாரோடும் சேர்ந்து கை தட்டினார். தம் கை தமக்கே பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது இலை போட்டிருந்தது. ரத்தினம்மாள் எப்போதும்போல் பரிமாறினாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ரத்தினம், அந்த எடத்துல நான் இன்னா சொல்றதுன்னு..." என்று ஆரம்பித்தார்.

"ரசம் ஊத்தட்டுங்களா?" என்றாள் அவள்.

தேசப்பன் நிமிர்ந்து பார்த்தார். அத்தை மகள், நடை பழகும் காலத்திலிருந்து அவரை 'வா பாவா, போ பாவா' என்று கூப்பிட்டவள். கல்யாணத்துக்கு அப்புறமும் ஊர் என்ன சொன்னாலும் அதை மாற்றிக்கொள்ளாதவள். இப்போது சங்கத்து ஆட்கள் அவரிடம் பேசுகிற மாதிரியே பேசினாள். அடுத்த மூன்று நாளும் அப்படியே. தண்ணி வெச்சிருக்கேனுங்க, கதவு தொறந்திருக்குதுங்க. சண்டை இல்லை, அழுகை இல்லை. நாலாம் நாள், தம்பி வீராசாமியின் மனைவிக்குப் பிரசவ நேரம், தறி சும்மா கிடக்கிறது என்று சொல்லிவிட்டு அம்மையார்குப்பம் போனாள். குழந்தை பிறந்து தொட்டிலில் போட்ட செய்தி வந்தது. அவள் வரவில்லை.

ஒரு மாதம் கழித்து ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று என்று பேப்பரில் வந்தது. அரிசிக்குத் துணி. பட்டியலில் கைலியும் இருந்தது. கூடவே சத்திரத்துப் போட்டோவையும் போட்டிருந்தார்கள். நடுவில் மந்திரி, அவர் மனைவி, காஞ்சனா, பக்கத்தில் கும்பிட்டபடி தேசப்பன். இடது ஓரத்தில், பாவுக்கு மேல், முகமில்லாத ஒரு கை. திட்டுத் திட்டாக வெளுத்த கை. ரத்தினம்மாள் பாவில் கை வைத்த அந்த நொடியில் எடுத்திருக்கிறார்கள், படத்தை வெட்டினவர் கையை மட்டும் வெட்டாமல் விட்டுவிட்டார். மதராஸில் யாருக்கும் அது யாருடையது என்று தெரியாது. திருத்தணியில் தெரியாதவர் கிடையாது. காப்பி கிளப்பில் பேப்பர் கைமாறிக் கைமாறி வந்தது. "செக்ரட்டரி போட்டோ பிரமாதம்" என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். அந்த ஓரத்தைப் பற்றி ஒருத்தர் வாய் திறக்கவில்லை. அவர்கள் வாய் திறந்து காறித் துப்பியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது தேசப்பனுக்கு.

பெருமாள் பாராட்டுக் கூட்டம் போட வேண்டும் என்றார். தேசப்பன் அதற்கு நாள் குறிக்க விடாமல், கரியில் ஓடுகிற பஸ்ஸைப் பிடித்து அம்மையார்குப்பம் போனார்.

ரத்தினம்மாள் தம்பி வீட்டுத் தறியில் இருந்தாள். வீராசாமி, "வா மாமா" என்று எழுந்து, இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டான். தேசப்பன் நின்றுகொண்டே சொன்னார்.

"நான் பண்ணது தப்பு ரத்தினம். ஊருக்காகத்தான் பண்ணேன்னு சொல்லிப் பாத்தேன். எனக்கே அது பொய்யின்னு தெரியுது. உன்னக் கூட்டிகினு நாலு பேரு நடுவுல நிக்க எனக்குக் கூச்சமா இருந்துது. ரொம்ப நாளாவே."

அவள் நாடாவை நிறுத்தினாள்.

"அது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? உங்களுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். அதனாலதான் எங்கியும் நான் வரேன்னு கேக்கறதில்ல. அன்னிக்கு ஒரு நாள்தான் கேட்டேன். நெய்த துணியாச்சே, அதுக்குப் பக்கத்துல நிக்கலாம்னு ஆச."

தேசப்பன் தறியோரம் குந்தி உட்கார்ந்தார். "வூட்டுக்கு வா" என்றார்.

"இங்க வந்து எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது? நான் யாருன்னு எனக்குத் தெரியாதா? யாருகிட்ட இல்லன்னு சொன்னீங்களோ அவங்ககிட்ட சொல்லுங்க."

"அவங்க ரங்கூன் போயிட்டாங்களே."

"அது உங்க பாடு" என்று நாடாவை விட்டாள்.

முதல் சரக்கைப் பார்வையிட அந்த ஆபீசர் திரும்பவும் வந்து முசாபரி பங்களாவில் தங்கியிருந்தார். தேசப்பன் மறுநாளே போய், டிப்போவிலிருந்து அங்கே கொண்டுவந்த மூட்டைகளுக்கு முத்திரை போட்டுக்கொண்டிருந்தவர் முன்னால் கை கட்டி நின்றார்.

"ஐயா, அன்னிக்கு சத்திரத்துல இழை முடிஞ்சாங்களே ஒரு அம்மா. அவங்க என் சம்சாரந்தாங்க. நான்தான் இல்லன்னுட்டேன்."

ஆபீசர் நிமிர்ந்து பார்த்தார். "எந்த அம்மா?"

"கையில... வெள்ளையா..."

"ஓ. சரி." ஆபீசர் அடுத்த மூட்டைக்குப் போனார். இரண்டு மூட்டை கழித்துத்தான் தேசப்பன் இன்னும் நிற்பதைக் கவனித்தார். "அதுக்கென்ன இப்போ?"

"மந்திரி சம்சாரத்துக்கு ஒரு வரி எழுதி அனுப்ப முடியுங்களா? நான் சொன்னது பொய்யின்னு."

ஆபீசர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "ரெண்டு கவர்ன்மெண்டு நடுவுல உங்க குடும்ப விஷயத்தை நான் எழுதணுமா? போய் வேலையைப் பாருங்க தேசப்பன்."

தேசப்பன் படியிறங்கி வந்தார். யாருடைய முகத்துக்குப் பயந்து பதினெட்டு வருஷத்து மனைவியை இல்லை என்றாரோ, அந்த மனுஷருக்கு அது ஞாபகம்கூட இல்லை.

அங்கிருந்து நேரே மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் பிரபுதாஸ் வீட்டுக்குப் போனார். ஊரில் நல்ல இங்கிலீஷ் எழுதத் தெரிந்தவர் அவர். வாத்தியார் பேனாவும் காகிதமும் எடுத்துக்கொண்டு, "வியாபார சமாசாரமா?" என்றார்.

"இல்லீங்க. நான் சொல்றத அப்டியே எழுதுங்க. அம்மா, திருத்தணியில நீங்க கையப் புடிச்சி நல்ல கைன்னு சொன்னீங்களே, அது என் சம்சாரம் கை. அவ பேரு ரத்தினம்மாள். அந்தத் துணிய நெய்ததும் அவதான். நீங்க என்னக் கேட்டப்ப நான் இல்லன்னு சொன்னேன். வெக்கக்கேடு."

பிரபுதாஸ் பாதியில் பேனாவை நிறுத்தி அவரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு எழுதி முடித்து, எழுதியதைத் தமிழில் ஒரு தடவை சொல்லிக் காட்டினார். தம் சொற்களை இன்னொருவர் குரலில் கேட்கிறபோது தேசப்பனுக்கு நிலத்தில் புதைந்துவிடலாம் போலிருந்தது. கையெழுத்துப் போட்டு, வர்த்தக மந்திரியின் மனைவி, ரங்கூன் என்று விலாசமும் எழுதி வாங்கிக்கொண்டு, தாமே தபாலாபீசில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

அம்மையார்குப்பம் போய் அதைச் சொன்னபோது ரத்தினம்மாள் கேட்டுக்கொண்டாள். வாத்தியார் முன்னாலேயா சொன்னீங்க என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றார். இந்தப் பாவு முடியட்டும் என்றாள். தேசப்பன் தனியாகத்தான் திரும்பினார். பதினேழாம் நாள் காலை பஸ்ஸில் அவளாகவே வந்து இறங்கி, வீட்டுக் கதவைத் திறந்து, தூசி அடைந்து கிடந்த தறியைத் துடைத்தாள்.

ரங்கூனிலிருந்து பதில் வரவில்லை. கடிதம் போய்ச் சேர்ந்ததா என்றுகூடத் தெரியவில்லை. இரண்டு சரக்கு கப்பலேறிற்று. தை மாதத்துக்குப் பிறகு பர்மாவில் உள்நாட்டுச் சண்டை முற்றி, மூன்றாம் சரக்கு துறைமுகத்திலிருந்து திரும்பி வந்தது. டிப்போவில் மறுபடியும் மூட்டைகள் அடுக்கப்பட்டன. எதற்காக அந்த வார்த்தையைச் சொன்னாரோ அது ஐந்து மாதம்கூட நிற்கவில்லை.

ரத்தினம்மாள் அப்புறம் அதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. மெல்ல மெல்ல 'ங்க' போயிற்று. ஆனால் 'பாவா' திரும்பி வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அப்போதும் முன்போல எடுத்ததற்கெல்லாம் வரவில்லை. எப்போதாவது, தன்னை மறந்த வேளையில் வந்தது.

தேசப்பனுக்கு ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. வீட்டுக்கு யார் வந்தாலும், அவர்கள் உட்காருவதற்கு முன்பே, "இது ரத்தினம்மாள், என் சம்சாரம்" என்று சொல்லிவிடுவார். புது ஆள், பழைய ஆள் என்று பார்ப்பதில்லை. ஒரு நாள் மணியார்டர் கொண்டுவந்த தபால்காரர் எல்லப்பனிடமும் சொன்னார்.

எல்லப்பன் சிரித்தார். "இன்னா செக்ரட்டரி, தங்கச்சிய எனக்குத் தெரியாதா? அவங்க கல்யாணத்துல பந்தி பரிமாறினதே நான்தான்."

ரத்தினம்மாள் கூச்சத்தோடு உள்ளே போய்விட்டாள். தேசப்பன் கையெழுத்துப் போட்டுவிட்டு, "ஆங், தெரியும். இருந்தாலும் சொல்லணும்" என்றார்.